ஐந்தாவது வட்டு

விஜயதசமி அன்று காலை செண்பகவல்லிக்குக் குரல் வரவில்லை.

கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். உதடுகள் அசைந்தன. அலமாரி மேலிருந்த ஒலிபெருக்கி சும்மா இருந்தது. பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். மறுபடியும் ஒன்றுமில்லை. கணவனைப் பார்த்தாள்.

கழுகாசலம் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. கை கால் திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் புரியும். சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கும். வாய்க்கு வருவதற்குள் கலைந்துவிடும். எழுதப் போனாலும் அப்படியே. அதற்கு முன் அவள் கோவில்பட்டி நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்தாள். அவள் குறுக்கு விசாரணை செய்கிறாள் என்றால் பக்கத்து அறைகளிலிருந்து வந்து நின்று கேட்பார்கள்.

பட்டை அவளுடைய தொண்டைத் தசைகளைப் படிக்கும். சொல்ல முயன்று சிதறியதை இயந்திரத்துக்கு அனுப்பும். அது எந்தச் சொல் என்று இயந்திரம் கண்டுபிடித்து, அவளுடைய பழைய குரலில் பேசும். தப்பாகச் சொன்னால் அவள் இல்லை என்று தலையாட்டுவாள். அது திருத்திக்கொள்ளும். அப்படி வருஷக்கணக்காகத் தலையாட்டித் தலையாட்டி வளர்த்தது. வேறொருவர் கழுத்தில் அந்தப் பட்டையைக் கட்டினால் உளறும்.

முதலில் இதையெல்லாம் ஒரு நிறுவனம் தன்னிடம் வைத்திருந்தது. மூடும்போது ஒவ்வொருவருடையதையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இனி உங்கள் குரல் உங்கள் பொறுப்பு என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு பல ஊர்களில் பீரோவுக்குள்ளும் ஃப்ரிட்ஜ் மேலும் யாரோ ஒருவருடைய பேச்சு இருந்தது. கழுகாசலம் கேபிள் இணையத்தில் வேலை பார்ப்பவன். ஐந்து ஹார்டு டிஸ்க் வட்டுகளை வாங்கி, ஒன்றாகக் கோத்து, ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து டிவி மேசைக்குக் கீழே தள்ளினான். அன்றிலிருந்து அது நின்றதே இல்லை.

நேற்று நின்றது. நேற்று ஆயுத பூஜை. கழுகாசலம் ஆபீஸ் பூஜை முடிந்து இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்பியிருந்தான்.

இயந்திரத்தின் திரையில் ஐந்து வட்டுகளில் மூன்றுதான் தெரிந்தன. கழுகாசலம் பெட்டியின் மூடியைக் கழற்றினான். ஐந்துக்கும் சந்தனப் பொட்டு வைத்து அதன் மேல் குங்குமம் வைத்திருந்தது.

மச்சினன் சீனிராஜுக்கு போன் போட்டான்.

சீனிராஜ் பைக்கில் வந்தான். இளையரசனேந்தல் சாலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். வாசலிலேயே நின்றான்.

“நான்தான் நிறுத்துனேன் அத்தான். அக்காதான் சொன்னா. எனக்காக வருசம் பூரா பேசுதே, ஒரு நாள் ஓயட்டும்னு.”

செண்பகவல்லி மின்விசிறியைப் பார்த்தாள்.

“நிறுத்துனது சரி. பொட்டு எதுக்கு?”

“எங்க பட்டறையில எல்லாத்துக்கும்தான் வைக்கோம். ஒவ்வொண்ணாக் கழட்டி, தொடச்சு, வச்சு, எடுத்த எடத்துலயே மாட்டிட்டேன்.”

“எங்க வச்ச?”

“நெத்தியில.”

“டிஸ்க்குக்கு ஏது மாப்ள நெத்தி?”

சீனிராஜ் குனிந்து காட்டினான். “இந்தா, நடுவுல பொடிசா ஒரு ஓட்டை இருக்குல்லா. அத வச்சு ஒரு கணக்குக்கு வச்சேன்.”

“அது மூச்சு விடுத ஓட்டை. உள்ள இருக்க காத்தும் வெளிய இருக்க காத்தும் சமமா இருக்கணும். மூடாதேன்னு பக்கத்துலயே எழுதியிருக்கான்.”

“வாசிச்சேன் அத்தான். தூசியச் சொல்லுதான்னு நெனச்சேன். சந்தனத்தையும் சேத்துச் சொல்லுதான்னு தெரியல.”

கழுகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. செண்பகவல்லிக்கு வந்தது. சத்தமில்லாமல் சிரித்தாள்.

மூன்று வட்டுகளில் பொட்டு ஓட்டையைத் தப்பி விழுந்திருந்தது. மூன்றாவது வட்டில் நேராக விழுந்திருந்தது. அதற்கு மின்சாரம் கொடுத்தால் டிக், டிக் என்று தட்டிவிட்டு அடங்கியது. ஐந்தாவதில் பாதி மூடியிருந்தது. அது சுற்றியது. கொஞ்ச நேரத்தில் சூடேறி, காணாமல் போனது. ஆறவிட்டால் மறுபடி வந்தது.

கழுகாசலம் ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தான். தரையில் உட்கார்ந்தான்.

“என்ன ஆவும் அத்தான்?”

“உங்க அக்கா பாஷையில சொல்லுதேன். இந்த அஞ்சும் அஞ்சு சாட்சி. விசயத்தப் பிச்சு அஞ்சு பேர்ட்டயும் பிரிச்சு வச்சிருக்கு. ஒருத்தன் வரலேன்னா, மத்த நாலு பேரு சொல்லுதத வச்சு வராதவன் என்ன சொல்லியிருப்பான்னு கணக்குப் போட்டு எடுத்துரலாம்.”

“ரெண்டு பேரு வரலேன்னா?”

“கேசு விழுந்துரும்.”

“வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலியா?”

“அஞ்சு இருக்கே, ஒண்ணு போனாலும் தாங்கும்னு இருந்துட்டேன்.”

“ஸ்டெப்னி இருக்குன்னு டயரப் பாக்காம ஓட்டியிருக்கீக.”

“நீ பேசாத.”

சீனிராஜ் ஈரத்துணியை எடுத்து அலசப் போனான்.

சென்னையில் ஒரு இடம் இருந்தது. தூசியில்லாத அறையில் வைத்து வட்டைத் திறந்து எடுத்துக் கொடுப்பார்கள். கழுகாசலம் எல்லாரும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு அவர்களிடம் பேசினான். எடுத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓட்டிப் பார்ப்போம் சார், என்றாள் எதிர்முனையில் பேசிய பெண். ஓட்டிப் பார்ப்பது என்றால்? கேட்டுப் பார்ப்போம் சார்.

அதில் எல்லாம் இருந்தது. வல்லி இத்தனை வருஷம் வீட்டில் சொன்னது, சொல்ல வந்து வேண்டாம் என்று தலையாட்டி விலக்கியது, அவளைத் தேடி வருகிற பெண்களின் வழக்குகள், புருஷன் பெயர்கள், அடி, பூட்டிய வீடு. அவள் இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை. முன்னறையில் உட்கார்ந்து வாதத்தைச் சொல்வாள். ஓர் இளைய வக்கீல் அதைக் கொண்டுபோய் நீதிபதி முன்னால் பேசுவான்.

செண்பகவல்லி போனை வாங்கி அணைத்தாள்.

“சரி. அப்ப நம்மதான் பாக்கணும்,” என்றான் கழுகாசலம்.

சீனிராஜ் மதுரைக்குப் போய் இரண்டு புதிய வட்டுகள் வாங்கி வந்தான். வரும் வழியிலேயே பட்டறையில் இறங்கி, அலுமினியத் தகடு ஒன்றில் வரிவரியாகக் குடைந்து எடுத்து வந்திருந்தான். ஐந்தாவது வட்டை அதன்மேல் படுக்க வைத்தால் சூடு இறங்கும் என்றான். கழுகாசலம் தொட்டுப் பார்த்துவிட்டு, வை என்றான்.

வேலை இதுதான். மூன்றாவது போனது போனதுதான். ஐந்தாவது உயிரோடு இருக்கும்போதே அதைப் புது வட்டில் அப்படியே நகல் எடுக்க வேண்டும். படிக்க முடிந்ததைப் படித்து, முடியாததைத் தாண்டி, சூடேறினால் நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்தில் தொடங்கி. பிறகு அந்த நகலையும் நல்ல மூன்றையும் சேர்த்து நான்கு சாட்சிகளாக்கி, மூன்றாவதைக் கணக்குப் போட்டு மீட்க வேண்டும். நகலில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அந்த இடம் யாருக்கும் திரும்பக் கிடைக்காது.

“எம்புட்டு நேரம் தாங்கும் இது?”

“தெரியல. பாதி தாங்கலாம். பாதிகூடத் தாங்காம போகலாம். அதான் எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கேன்.”

சாப்பாட்டு மேசையில் முருங்கைக்காய் கிடந்தது. கழுகாசலம் ஒன்றை எடுத்து சீனிராஜ் முன்னால் வைத்தான்.

“இதுதான் டிஸ்க்குன்னு வச்சுக்க. இந்த முனையில முதல்ல போட்டது இருக்கு. அவ குரல். நோவுக்கு முந்தி போன்ல பேசுனது, கல்யாண வீடியோ, உனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ், எல்லார்ட்டயும் வாங்கிப் போட்டோம்லா. அந்தப் போன்லாம் இப்ப இல்ல. இது மட்டும்தான்.”

“அந்த முனை?”

“பிறகு சேந்தது. தலையாட்டித் தலையாட்டிப் படிச்சுக் குடுத்தது. அவ என்ன சொல்ல வாரான்னு கண்டுபிடிக்கிற வித்தை அங்கதான் இருக்கு.”

“முன்னாடி இருந்து ஆரம்பிச்சு, நடுவுல செத்துப்போச்சுன்னா?”

“குரல் இருக்கும். அவ என்ன சொல்லுதான்னு அதுக்குத் தெரியாது.”

“பின்னாடி இருந்து ஆரம்பிச்சா?”

“புரிஞ்சுக்கிடும். அவ குரலு இருக்காது. கடையில விக்கிற குரல் எதையாவது போட்டுக்கிடணும்.”

சீனிராஜ் கொஞ்ச நேரம் முருங்கைக்காயைப் பார்த்தான்.

“குரல விடக் கூடாது அத்தான். அக்கா குரல் போயிட்டா அப்புறம் அக்கா எங்க இருக்கா? மத்தத மறுபடி படிச்சுக் குடுத்துக்கிடலாம்.”

“நானும் அதான் நெனக்கேன். வருசம் ஆவும். ஆனா படிச்சுரும்.”

“ஆனா ஆகட்டும்.”

“அப்ப முன்னாடி இருந்தே போட்டுருதேன்.”

டம்ளர் மேசையில் ஓங்கி விழுந்தது. இருவரும் திரும்பினார்கள். செண்பகவல்லி சமையல் மேடையிலிருந்து வந்து நின்றிருந்தாள். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

“அக்காவக் கேக்கலியே,” என்றான் சீனிராஜ் மெதுவாக.

அவள் முருங்கைக்காயை எடுத்தாள். நடுவில் ஒடித்தாள். முன்பாதியைக் குப்பைக் கூடையில் போட்டாள். பின்பாதியைக் கணவன் கையில் வைத்தாள்.

“வல்லி, யோசிச்சுத்தான் சொல்லுதியா? உன் குரலு போயிரும்.”

தலையசைத்தாள்.

“ஏன்னு சொல்லு.”

அவள் அவனைப் பார்த்தாள். அவளால் சொல்ல முடியாது. அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சீனிராஜ் பட்டறைக்குப் போனான். கழுகாசலம் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று சொல்வதற்குக் கட்டளையில் ஒரே ஓர் எழுத்துதான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பின்னாலிருந்து. சேர்க்காவிட்டால் முன்னாலிருந்து. அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஐந்தாவது வட்டின் பின்பக்கத்தைப் படிக்க முடியவில்லை, முன்பாதிதான் கிடைத்தது என்று சொன்னால் நம்புவாள்.

தினமும் காலையில் அந்தக் குரல்தான் அவனை எழுப்பும். முப்பத்தைந்து வயதுக் குரல். கொஞ்சம் மேலேறி, கடைசிச் சொல்லில் இறங்கும். பால்காரரிடம் பேசினாலும் அவன் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுக் கேட்பான். வல்லிக்கு முடி நரைத்துவிட்டது. குரல் நரைக்கவில்லை.

அடுப்படியில் தாளிக்கும் சத்தம் கேட்டது.

ஒருத்தி வாயில்லாமல் இருக்கும்போது அவளுடைய நாக்கு எதுவென்று இரண்டு ஆண்கள் முருங்கைக்காயை வைத்து முடிவு செய்திருக்கிறோம் என்று நினைத்தான். அந்த எழுத்தைச் சேர்த்தான். பின்னாலிருந்து ஓடத் தொடங்கியது.

வட்டு ஒரு மணி நேரம் ஓடும். பிறகு அரைமணி ஓய்வு. கழுகாசலம் விடுப்புப் போட்டான். சீனிராஜ் பட்டறையை மதியத்தோடு பூட்டிவிட்டு வந்துவிடுவான். வட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பதை அவன் ஏற்றுக்கொண்டான். காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைப்பான்.

“இப்ப கொஞ்சம் கொதிக்கி அத்தான்.”

“நிறுத்து.”

வீட்டில் இருவர் குரல் மட்டும் கேட்டது. இருவரும் ஒருவரோடொருவர் பேசினார்கள். வல்லியிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அவள் தலையசைத்தாள். ஆமா, இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்க வேண்டியிருந்தது. அப்படி யோசித்துக் கேட்பது சிரமமாக இருந்ததால் கேட்பதே குறைந்தது.

மாரிக்கனி வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். அப்பா செத்த பிறகு அண்ணன் அவளை வெளியே தள்ளி வீட்டைப் பூட்டிக்கொண்டான். வழக்கு முன்சீப் கோர்ட்டில் நடக்கிறது.

“அந்த வக்கீல் தம்பிக்கு நீங்க சொல்லி விடுததுல பாதிதான்க்கா ஏறுது. எதிர்வக்கீலு ஒரு கேள்வி கேட்டா பேப்பரப் பொரட்டுதாரு. அதுக்குள்ள ஜட்ஜையா வாய்தா போட்டுருதாக.”

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முழுவதையும் கேட்டாள். போகும்போது தெருமுனை வரை கூடவே நடந்து போனாள்.

மறுநாள் கழுகாசலம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். கீழே வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. கட்டையாக, கரகரவென்று. “போ. போ.” பிறகு ஒரு தடவை நீளமாக. ஆட்டுக்குட்டி ஒன்று தெருவில் ஓடியது.

படியில் இறங்கி வந்தான். சீனிராஜ் வட்டின் மேல் புறங்கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

“யாரு மாப்ள வாசல்ல?”

“எதுத்த வீட்டு ஆச்சியா இருக்கும். ஆட்ட வெரட்டுது. குரலப் பாத்தீகளா, தகரத்துல ரம்பத்தப் போட்டு இழுத்த மாரி.”

கழுகாசலம் சிரித்தான்.

செண்பகவல்லி வாசல் பக்கமிருந்து உள்ளே வந்தாள். கையில் ஆடு கடித்த கறிவேப்பிலைக் கொத்து இருந்தது. இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வட்டு பாதியைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் தாங்கியது. சனிக்கிழமை மதியம் சீனிராஜ் கையை எடுத்தான்.

“சுத்தல அத்தான்.”

ஆறவிட்டார்கள். மறுபடி மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டு தட்டுத் தட்டியது. அதோடு சரி.

“எம்புட்டுக் கெடச்சிருக்கு?”

“பின்னாடி முழுசும் இருக்கு. முன்னாடி முக்கால்வாசி போச்சு.”

சீனிராஜ் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

பிறகு நடந்தது காத்திருப்புதான். கழுகாசலம் மூன்று நல்ல வட்டுகளையும் நகலையும் சேர்த்தான். எதன் மீதும் எழுதிவிடாதபடி முதலில் படிக்க மட்டும் விட்டுப் பார்த்தான். நான்கும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. இரண்டாவது புது வட்டை மூன்றாவதன் இடத்தில் மாட்டினான். கணக்கு ஓடியது. ஒரு சதவீதம். இரண்டு.

“பிழைச்சுருமா?”

“பிழைச்சதுதான் பிழைக்கும்.”

ஞாயிறு போய் திங்கட்கிழமை காலை முடிந்தது. செண்பகவல்லி பட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. திரையில் சொற்கள் வந்தன.

காபி ஆறிப்போச்சு. குடிங்க.

கழுகாசலம் அதை இரண்டு தடவை வாசித்தான். அவள்தான். வேறு யாரும் அந்த நேரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒலிபெருக்கியை இணைத்தான். “கா,” என்றது அந்தப் பழைய குரல். பிறகு ஓர் இடைவெளி. “றி.” பிறகு காற்றுச் சத்தம். பிறகு கடைசிச் சொல் இறங்குவதுபோல் ஏதோ ஒன்று. அவன் உடனே நிறுத்தினான்.

“பரவால்ல. குரல் நெறைய வச்சிருக்கேன். ஒண்ணு பாத்து எடுத்துக்க.”

இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றாகப் போட்டான். செய்தி வாசிப்பதுபோல் ஒரு பெண். ரயில் வருகையைச் சொல்வதுபோல் ஒரு பெண். மிகவும் இளையதாக ஒன்று. “இது நல்லாருக்கு அத்தான்,” என்றான் சீனிராஜ். “கொஞ்சம் அக்கா சாயல் இருக்கு.”

அவள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று தலையாட்டினாள். திரையில் சொற்கள் வந்தன.

மைக்கை எடுங்க.

“எதுக்கு?”

ஒலி இருந்தா அத வச்சுக் குரல் செய்யலாம்னு முன்ன ஒரு தடவ சொன்னீங்கல்ல. முழுச் சொல் வேண்டாம்னு.

“ஆமா. யாரு ஒலி?”

அவள் பட்டையைக் கழற்றினாள். மைக்கைத் தானே இழுத்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள்.

“ஆ,” என்றாள்.

கட்டையாக, கரகரவென்று வந்தது. “ஆ. ஈ. போ.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “போ. வா.”

சீனிராஜ் சுவரைப் பார்த்தான். கழுகாசலம் மைக்கின் விளக்கைப் பார்த்தான். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றும் சரிசெய்ய வேண்டியதில்லை. ஆனாலும் அதையே பார்த்தான்.

நோவு வந்த புதிதில் மருத்துவர் சொல்லியிருந்தார். பழகினால் கொஞ்சம் கொஞ்சமாக வரும், விடாதீர்கள் என்று. அப்புறம் இயந்திரம் வந்தது. அது அவ்வளவு நன்றாகப் பேசியது. வாயைத் திறந்து பார் என்று அவளிடம் யாரும் பிறகு சொன்னதில்லை.

“எம்புட்டு நாளா?” என்றான் கழுகாசலம்.

அவள் விரலால் வாசலைக் காட்டினாள். பிறகு ஆட்டின் கொம்புபோல் இரண்டு விரலைத் தலையில் வைத்துக் காட்டினாள்.

“அன்னைக்குத்தானா?”

தலையசைத்தாள்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் கொஞ்ச நேரம் பதிவு செய்தார்கள். சில ஒலிகள் வந்தன. சில வரவில்லை. ‘ழ’ வரவே இல்லை. வராததை வந்தவற்றிலிருந்து இயந்திரம் கணக்குப் போட்டுக்கொண்டது. கழுகாசலம் இன்னொரு பெட்டி வாங்கி, தினமும் அதில் நகல் எடுத்து, அதை சீனிராஜின் பட்டறையில் கொண்டுபோய் வைத்தான். அதற்கு யாரும் எதுவும் பூசக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஒலிபெருக்கியை இணைத்தான். சீனிராஜ் ஓரமாக நின்றான்.

செண்பகவல்லி தம்பியைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“ரம்பம் பேசுதேன் தம்பி,” என்றது ஒலிபெருக்கி. கரகரவென்று. அவள் குரல்.

சீனிராஜ் தலையைச் சொறிந்தான். “எக்கா, நான் ஆச்சின்னு நெனச்சில்லா...”

“ஆச்சிட்டயும் சொல்லுதேன் இரு. வந்து வாங்கிக்கட்டு.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

கழுகாசலம் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்தக் குரல் இன்னும் காதில் ஒட்டவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கவனித்தால்தான் பிடிபட்டது.

“அன்னைக்குக் கேட்டேன். பதில் வரல. ஏன் முன்பாதி வேண்டாம்னு சொன்ன?”

“அந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்கும்.”

“பிடிக்கும்.”

“அதுல பேசுனா நீங்க பேப்பரத் தாழ்த்திட்டுக் கேப்பீங்க. சிரிப்பீங்க. பாட்டு கேக்க மாதிரி.” மூச்சு வாங்கினாள். “சொல்லுதது காதுல விழாது.”

“அப்படி இல்ல வல்லி.”

“கோர்ட்டுக்குத் திரும்பப் போகணும்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்?”

கழுகாசலம் யோசித்தான். பட்டை மாட்டிக்கொண்டு வாதாடலாம் என்று போன வருஷம் அனுமதி வந்தது தெரியும். அதைப் பற்றி அவள் பேசியதும் நினைவுக்கு வந்தது. காலை நேரம், ஜன்னல் வெளிச்சம், கடைசிச் சொல் இறங்கிய விதம். என்ன சொன்னாள் என்பது நினைவில் இல்லை. பார்க்கலாம் என்று சொல்லியிருப்பான்.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றான்.

“கோர்ட்டுக்குப் போகணும்.”

“இந்தக் குரலோடயா? அங்க இருக்கவன் எல்லாம் திரும்பிப் பாப்பானே.”

“பாக்கட்டும். கேக்கணும்லா.”

தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தான்.

“எந்தக் கேசு?”

“மாரிக்கனி கேசு. செவ்வாக்கிழமை.”

“முன்சீப் கோர்ட்டா?”

“ஆமா.”

“எத்தன மணிக்குக் கிளம்பணும்?” என்று கேட்டான் கழுகாசலம்.